ஏழாம் வார்டில் உயர்ந்த இடக்கை: ஒரு மருத்துவமனை ஊழியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இதில் வருகிற யாருடைய பெயரையும் நான் தரவில்லை. ஊர், மருத்துவமனை, சபை ஆகியவற்றையும் சொல்லவில்லை. இறந்தவரின் மகள் முழுவதையும் படித்து, இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார். திருத்திய பிறகே இதை வெளியே தருகிறேன்.

பின்னணி

எங்கள் சபை தென்மாவட்டத்து நகரம் ஒன்றில் இருக்கிறது. சபையின் மருத்துவமனை ஊழியக் குழுவில் அப்போது 14 பேர் இருந்தார்கள். புதனும் சனியும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை, பார்வையாளர் நேரத்தில், இருவர் மூவராக வார்டுகளுக்குப் போவார்கள். ஒரு பாட்டு, ஒரு சிறு ஜெபம், கையில் ஒரு கைப்பிரதி (சுவிசேஷம் அச்சடித்த சிறு தாள்). பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும்தான். பஸ் கட்டணத்தைக்கூடச் சபையிடம் கேட்டதில்லை.

நோயாளிகளில் அதிகம் பேர் இந்துக்கள். ஆனாலும் ஜெபத்தை அவர்கள் மறுப்பது அபூர்வம். எங்கள் பக்கத்தில் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுவருகிற இந்துக் குடும்பங்கள் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. நல்ல வார்த்தை யார் வாயிலிருந்து வந்தால் என்ன என்கிற மனசு அது. அந்த மனசைத்தான் நாங்கள் தவறாகப் படித்தோம்.

குழுவிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருந்தது. நாள், கட்டில் எண், அதற்குப் பிறகு நான்கு பத்திகள்: சந்தித்தோர், கைப்பிரதி பெற்றோர், உடன் ஜெபித்தோர், தீர்மானம் எடுத்தோர் (அதாவது இயேசுவை ஏற்றுக்கொள்வதாகத் தெரிவித்தவர்கள்). இந்த நோட்டைக் கோடு போட்டு வடிவமைத்தவன் நான். வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவனுக்குப் பத்தி போடாமல் கை நிற்காது. மாதக் கடைசியில் கூட்டல் போடுவோம். முக்கியமான செய்தி இருந்தால் ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளோடு அதுவும் வாசிக்கப்படும். "தீர்மானம் எடுத்தோர்" பத்தியில் எண் ஏறினால் சபையில் "அல்லேலூயா" எழும். யாரும் யாருக்கும் இலக்கு வைத்ததில்லை. அந்தச் சத்தமே இலக்காகிவிட்டது.

நடந்தவை

ஒரு வியாழக்கிழமை, மாவு மில் நடத்திவந்த 58 வயதுக்காரர் ஒருவர் பக்கவாதத்தோடு ஏழாம் வார்டில் சேர்க்கப்பட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது, நாம் சொல்வதில் எவ்வளவு அவருக்குப் புரிகிறது என்பதும் மருத்துவர்களுக்குத் தெளிவாக இல்லை. உடன் இருந்தவர்கள் மனைவியும், 27 வயதில் ஒரே மகளும். மகள் மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தவர். 23ஆம் சங்கீதத்தைப் பார்க்காமல் சொல்வார்.

மூன்றாம் நாள், சனி. குழுவிலிருந்து இரண்டு பெண்கள் போனார்கள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டார்கள், அவர் தலையசைத்தார். ஜெபம் முடிந்ததும், "அக்கா, அடுத்த முறையும் வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மகளும் சேர்ந்து மெதுவாக ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். நோட்டில் அன்று மூன்று பத்திகளில் குறி விழுந்தது. நான்காவது காலி.

ஏழாம் நாள், புதன். அந்தப் பெண்கள் இருவராலும் வர முடியவில்லை. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், இளைஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். நோயாளியின் தலையணைக்கு அடியில் பன்னீர் இலையில் மடித்த ஒரு பொட்டலத்தை அவர் பார்த்தார். திருச்செந்தூர் இலை விபூதி. நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் நோயாளியின் அக்கா வாங்கிவந்து வைத்தது. "அம்மா, ஒரே நேரத்தில் இரண்டு தோணியில் கால் வைக்கக் கூடாது. இது இங்கே இருக்கும்வரை எங்கள் ஜெபத்துக்குத் தடை" என்றார் மூத்தவர். மனைவி ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். நம்பிக்கை மாறிய அடையாளமாக எங்களவர் அதை எடுத்துக்கொண்டார். பயத்தில் எடுத்தேன் என்று அந்த அம்மா பின்னால் சொன்னார்: "அவர் பிழைக்க வேண்டும். யார் எதைச் சொன்னாலும் அன்றைக்குக் கேட்டிருப்பேன்."

பத்தாம் நாள், சனி. நுரையீரலில் தொற்று ஏற்பட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மூத்த உறுப்பினர் கட்டிலருகே குனிந்து பேசினார். மரணத்தைப் பற்றி, அதற்குப் பின் வருகிற நியாயத்தீர்ப்பைப் பற்றி, இன்றே மனந்திரும்ப வேண்டியதைப் பற்றி. கடைசியில், "ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறீர்களா? கையை மட்டும் உயர்த்தினால் போதும்" என்றார்.

இடக்கை உயர்ந்தது.

பணியில் இருந்த செவிலியர் இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்தார். அந்தக் கை கட்டிலிலிருந்து ஒரு சாண் எழுந்து, விரல்கள் விரிந்து, விழுந்ததாக எங்களிடம் சொன்னார். தண்ணீர் வேண்டும் என்றாலும் அவர் அப்படித்தான் காட்டுவாராம். ஆளைப் போகச் சொல்வதும் அப்படித்தானாம். மூன்றில் அன்று எது என்று எவருக்கும் தெரியாது. நோட்டின் நான்காவது பத்தியில் ஒரு குறி விழுந்தது.

மறுநாள் ஞாயிறு காலை ஆராதனையில் "ஏழாம் வார்டில் ஒரு சகோதரர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்" என்று வாசிக்கப்பட்டது. வாசித்தவனும் நான்தான். அன்று மாலை அவர் இறந்துபோனார்.

திங்கட்கிழமை

அவர் குடியிருந்த தெருவிலேயே எங்கள் சபையார் ஒரு குடும்பம் இருக்கிறது. அறிவிப்பில் பெயர் இல்லைதான். ஆனால் ஏழாம் வார்டில் யார் இருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். இறந்த செய்தி வந்தபோது அந்த வீட்டுப் பெண் ஆறுதலாக நினைத்துக்கொண்டு, "நல்ல கதியில்தான் போயிருக்கிறார், இன்று காலை சர்ச்சில்கூடச் சொன்னார்கள்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். பொழுது விடிவதற்குள் பேச்சு பங்காளிகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மகன் இல்லாததால் தம்பி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். உடலைக் குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் நீர்மாலைச் சடங்குக்குப் புறப்படுகிற நேரத்தில் தம்பி கேட்டார்: "அண்ணன் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்கிறார்களே. சேர்ந்தவருக்கு என் பிள்ளை எப்படிக் கொள்ளி வைப்பான்?" இரண்டு மணி நேரம் வாசலில் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அந்த அம்மா கணவரின் உடல்மேல் கை வைத்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகே நீர்மாலை எடுத்தார்கள்.

எங்களுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. இரங்கல் சொல்லக்கூட யாரும் போகவில்லை. நோட்டில் இறப்புக்குப் பத்தி கிடையாது.

கடிதம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாள் கழித்து மகளிடமிருந்து போதகருக்கு இரண்டு பக்கக் கடிதம் வந்தது. காவல் நிலையத்துக்குப் போயிருக்கலாம். உறவினர்கள் சிலர் அப்படித்தான் சொன்னார்களாம். மிஷன் பள்ளியில் தனக்குச் சோறு ஊட்டிய ஒரு ஆசிரியையை நினைத்து, அதைச் செய்யாமல் எழுதுவதாகக் குறிப்பிட்டிருந்தார். இயேசுவின் பேரில் தனக்கு வருத்தம் இல்லை என்றும் எழுதியிருந்தார். ஒரு வரியைப் போதகர் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்: "முதல் நாள் வந்த அக்காமார் எங்களைப் பார்க்க வந்தார்கள். பிறகு வந்தவர்கள் எதையோ எடுத்துப்போக வந்தார்கள்." கடைசியில் ஒரு வேண்டுகோள் இருந்தது. அப்பாவைப் பற்றி எழுதிய பக்கம் தனக்கு வேண்டும்.

விசாரணையும் அதில் தெரியவந்ததும்

போதகர் அந்த வாரமே வார்டு சந்திப்புகளை நிறுத்தினார். மூன்று பேர் விசாரிப்பது என்று முடிவானது: போதகர், சபையாரான ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர், நான். நோட்டைப் போட்டவனே விசாரிக்கலாமா என்று கேட்டேன். "அதற்காகத்தான் நீங்கள் வேண்டும்" என்றார் போதகர்.

மூத்த உறுப்பினரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகன் விபத்தில் இறந்தபோது, மருத்துவமனை வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த கைப்பிரதிதான் அவரைத் தற்கொலையிலிருந்து காப்பாற்றியது. அந்தத் தாளை இன்னமும் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். "ஒருவன் நெருப்புக்குள் போகிறான் என்று தெரிந்தால் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்பேனா?" என்று எங்களிடம் கேட்டு அழுதார். அவரிடம் கபடம் இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதிலும் இல்லை. ஆனால் எங்களோடு விசாரித்த தலைமைச் செவிலியர் அவரிடம் ஒன்றுதான் கேட்டார்: "அண்ணன், உங்களுக்கு அன்றைக்கு அந்தத் தாளைக் கொடுத்தவர், அதற்கு முன்னால் என்ன செய்தார்?" அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "பிணவறைக்கு வெளியே என்னோடு விடியவிடிய உட்கார்ந்திருந்தார். காலையில் போகும்போதுதான் கொடுத்தார்."

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். முதல் ஆண்டில் நான்காவது பத்தி பெரும்பாலும் காலி. ஞாயிறு அறிவிப்பு தொடங்கிய பிறகு மாதந்தோறும் எண்கள் நிரம்பியிருந்தன. எனக்கு இது புதிதில்லை. மார்ச் 31 நெருங்கும்போது தெரிந்தவர் பணத்தை இரண்டு நாளைக்குக் கணக்கில் போடச்சொல்லி, டெபாசிட் இலக்கை எட்டிவிட்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் திருப்பிக்கொடுத்த கிளைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு இங்கே தெரியவில்லை.

இன்னொன்று மொழி. எங்களுக்குள் பழகிய சொற்கள் கட்டிலருகே வேறு மாதிரிக் கேட்கின்றன. "இருளில் இருக்கிறவர்கள்", "கட்டுகள்", "புறமதத்தார்" என்பதெல்லாம் கன்வென்ஷன் என்கிற சுவிசேஷக் கூட்டங்களின் மேடையில் நாங்கள் கேட்டுக் கேட்டு உறைக்காமல் போன வார்த்தைகள். தன் நாத்தனார் பக்தியோடு கொண்டுவந்த விபூதியை ஒருவர் "தடை" என்று சொன்னால், தன் வீட்டாரின் அன்பே கணவருக்கு நோயாகிவிட்டது என்றுதான் ஒரு மனைவிக்குக் கேட்கும். பிறவிக்குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். அதைப் பிரசங்கத்தில் நூறு முறையாவது கேட்டிருப்போம்.

சபைக் கமிட்டியில்

கமிட்டி இரண்டு முறை கூடியது. முதல் கூட்டம் சத்தத்தில் முடிந்தது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தந்திருக்கிறது, நாம் ஏன் பயப்பட வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். 2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தையும், 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டதையும் நினைவூட்டினார். எங்களில் வழக்கறிஞர் ஒருவர் உண்டு. நம் சமயக் கொள்கைகளை எடுத்துச்சொல்லும் உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று ஒன்று கிடையாது என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார் அவர். "அது போகட்டும். பேச்சு வராத ஒரு மனிதரின் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு என்ன உரிமை என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் பார்ப்பது?" என்றும் அவரே கேட்டார்.

போதகர் இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, 2011 ஜூனில் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக சுவிசேஷக் கூட்டணி ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட சாட்சி நெறிமுறைகள், அதாவது விசுவாசத்தைப் பிறருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டுதல். இந்த மூவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதே பெரிய காரியம். குணமாக்கும் ஊழியத்தில் மக்களின் பலவீனத்தையும் குணமாக வேண்டும் என்ற தவிப்பையும் சுரண்டக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மற்றது தரங்கம்பாடிக் கதை. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பிறகு சக மிஷனரி கிரண்ட்லரோடு சேர்ந்து 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அந்தக் கடிதங்களில் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் பற்றிய கசப்பான குறைகளும் உண்டு. அவற்றை மறைக்காமல் இருவரும் தங்கள் மேலிடத்துக்கே அனுப்பிவைத்தார்கள். சீகன்பால்கு எல்லா விதத்திலும் முன்மாதிரி என்று நான் சொல்லமாட்டேன்; நம் மக்களின் வழிபாட்டைப் பற்றிக் கடுமையாகவும் பேசியிருக்கிறார். ஆனாலும் கேட்டார், கேட்டதை எழுதிவைத்தார். எங்கள் நோட்டில் நாங்கள் சொன்னதற்கும் கொடுத்ததற்கும் பத்தி இருந்தது. அவர்கள் எங்களிடம் சொன்னதற்கு இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலாவது, குடும்பத்தை நேரில் பார்ப்பது. ஜெபிக்கக் கூடாது, பழமோ பணமோ கொண்டுபோகக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டு மூவரும் போனோம். திண்ணையில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் வந்தது, காபி வரவில்லை. எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு. மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய், கைப்பையோடு வந்து, அந்த இலைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பன்னீர் இலை காய்ந்து நொறுங்கி, விபூதி பையெல்லாம் சிந்தியிருந்தது. "கடைசி நேரத்தில் நெற்றியில் இட மறந்துவிட்டேன். எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தலையணைக்கு அடியிலேயே தேடினேன்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து மகளிடம் கொடுத்தோம். வாங்கி, மடித்து, "நன்றி சார்" என்றார்.

இரண்டாவது, திருத்த அறிவிப்பு. எந்த ஆராதனையில் தவறாக வாசித்தோமோ அதே ஆராதனையில், அந்தச் செய்தி உண்மையென்று சொல்ல எங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை, அது ஒரு குடும்பத்துக்குத் துக்கம் விளைவித்தது என்று வாசித்தேன். விசுவாசம் தளர்ந்துவிடும் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எழுத்துப்படி ஒரு பிரதி தம்பி வீட்டுக்கும் போனது. பங்காளிகள் முன்னால் அந்த அம்மா சொன்னது பொய்யில்லை என்பதற்கு எங்கள் கையெழுத்து வேண்டும் என்று மகள் கேட்டிருந்தார்.

மூன்றாவது, நோட்டு நின்றது. "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதில் விசாரித்துக் கேட்பது முதலில் வருகிறது. கேட்காதவரிடம் வார்டில் சமயம் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஜெபம், நோயாளியோ உடன் இருப்பவரோ கேட்டால் மட்டும். அதிலும் குணமாகிவிடும் என்ற வாக்குறுதி கிடையாது. சாமி படமோ கயிறோ விபூதியோ கண்ணில் பட்டால் வாயைத் திறப்பதில்லை. அதற்குப் பதிலாக இரவில் நோயாளியோடு இருப்பவர்களுக்குக் கஞ்சி, ரத்தம் தேவைப்பட்டால் ஆள் சேர்ப்பது, மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்வது.

விளைவு

குழு 14இலிருந்து 8 ஆனது. மூவர் வேறு சபைக்குப் போனார்கள். சுவிசேஷம் சொல்ல வெட்கப்படுகிற சபை என்று சொல்லிவிட்டே போனார்கள். அது எங்களைச் சுட்டது. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை: முதல் ஆறு மாதம் எங்களில் சிலர், கேட்டவருக்குக்கூடப் பதில் சொல்லப் பயந்து மழுப்பினோம். மூத்த உறுப்பினர் நான்கு மாதம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை பெரிய ஃபிளாஸ்கோடு வந்து நின்றார். இப்போது இரவுக் கஞ்சி அவர் பொறுப்பு. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

வார்டுச் செவிலியர்கள் இப்போது எங்களைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். முன்பு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சில சமயம் "நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள்?" என்று யாராவது கேட்பதுண்டு. அப்போது சொல்கிறோம். அதில் யார் என்ன ஆனார்கள் என்று எழுதிவைப்பதில்லை.

அந்தக் குடும்பம் எங்களோடு உறவு வைத்துக்கொள்ளவில்லை. மாவு மில்லை விற்றுவிட்டார்கள். கடைத்தெருவில் மகளைப் பார்த்தால் தலையசைப்பார். அவ்வளவுதான்.

மறுபடி நடந்தால்

கடிதம் வரும்வரை காத்திருக்க மாட்டேன். அவர் இறந்த உடனே துக்கத்துக்குப் போயிருந்தால், வாசலில் நடந்த வாக்குவாதத்தின் நடுவே எங்களில் ஒருவர் நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா உடல்மேல் கை வைக்க வேண்டி வந்திருக்காது. முதல் நாள் போன பெண்களையே கடைசிவரை அனுப்பியிருப்பேன். தனிப்பட்ட ஒருவரின் பெயரையோ கட்டிலையோ காட்டும் எதையும் ஆராதனையில் வாசிக்க மாட்டேன், அது எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. கடிதம் வருவதற்கு முன்பே அந்த ஆண்டின் அறிக்கை எங்கள் சபைக்கு மேலான திருமண்டல அலுவலகத்துக்குப் போயிருந்தது. "தீர்மானம் எடுத்தோர் 37" என்றிருந்ததை 36 என்று திருத்தி ஒரு கடிதம் எழுதினேன். அந்த 36 கட்டில்களில் இருந்தவர்களை இன்றுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.